பூண்டுப் பரணில் காய்ந்த கூலர் பேட்

சண்முகவள்ளிக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கிடைத்தபோது வயது நாற்பத்தெட்டு. இதையெல்லாம் ஒரு சேதியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடுதான். ஆனால் கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் மலைக்குள் இருக்கிற கூக்காலில் பெண்கள் உட்காருவது சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும்தான். பஸ்ஸிலும் இடம் கிடைத்தால்தான் உண்டு. இருபது வயதில் திருமலைச்சாமிக்கு வாக்கப்பட்டு அவள் அந்த ஊருக்கு வந்தாள். வந்த மறுவாரமே தலையில் சும்மாடு ஏறியது. எருவையும் விதைப்பூண்டையும் தூக்கிக்கொண்டு மலைச்சரிவுப் படிக்காடுகளில் ஏறினாள். விளைந்த பூண்டையும் காரட்டையும் விறகையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். இருபத்தெட்டு வருஷமாக இதே சோலி. நடுவில் பிரியா பிறந்தாள். அந்தப் பேறுகாலத்துக்கு மட்டும் நாற்பது நாள் சும்மாடு கீழே இறங்கியது.

வலது முட்டி போன வருஷம் ஐப்பசியில் மடக்க முடியாமல் போனது. கொடைக்கானலில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே தலையில வெயிட் தூக்கவே கூடாது" என்றார். பொடி போடுகிற பழக்கத்தை விடச் சொல்வது மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னார். சண்முகவள்ளி சரி சரி என்று தலையாட்டினாள். ஊருக்கு வந்து மறுநாள் காலையில் ஒரு மூட்டை முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தூக்காமல் விட்டால் அது தானாக நடந்து ரோட்டுக்கு வருமா என்ன?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தவன்தான் டேனி. கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் பிறந்து வளர்ந்தவன். வத்தலக்குண்டில் ஏர் கூலர் செய்து விற்கிற கடை வைத்திருந்தான். குளிருக்குள் பிறந்த பிள்ளை வெயிலூருக்குப் போய்க் குளிர்ந்த காற்று விற்கிறானே என்று கூக்கால்காரர்கள் அவனைக் கேலி செய்தார்கள். அவன் சிரித்துக்கொள்வான். கூலரில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரு பெட்டி, உள்ளே ஒரு ஃபேன், மூன்று பக்கமும் நனைந்த பேட். வெளியில் இருக்கிற அனல்காற்று அந்த ஈரத்துக்குள் நுழைந்து வரும்போது சூட்டைத் தொலைத்துவிட்டு வரும். பேட் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வெறும் தகரப்பெட்டிதான்.

பேடுக்காக டேனி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதலில் தேங்காய் நார் போட்டுப் பார்த்தான். ஒரே மாதத்தில் அழுகிப்போய்த் தண்ணீர் காப்பி நிறத்தில் இறங்கியது. வெட்டிவேர் நன்றாக மணக்கும். ஆனால் வெட்டிவேர் வாங்குகிற அளவுக்கு வசதி உள்ளவர்கள் ஏசியே வாங்கிக்கொள்கிறார்கள். தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கிற அட்டைப் பேட் கம்பெனிகளில் கிடைக்கிறது. நல்ல சரக்குதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வத்தலக்குண்டுப் பக்கத்துப் போர் தண்ணீரில் இருக்கிற உப்பு ஏறி ஏறி, இரண்டு கோடைக்குள் அதன் கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டது. கடைசியில் மரச்சுருளுக்கு வந்து சேர்ந்தான். பைன் கட்டையை மெஷினில் கொடுத்தால் நூல்நூலாகச் சுருண்டு விழுமே, கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் திணிப்பார்களே, அதுதான். விலை குறைவு, தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும், வருஷத்துக்கொரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

அதிலும் ஒரு சிக்கல். பைன் கட்டையில் பிசின் இருக்கும். அப்படியே வைத்தால் கூலர் தண்ணீர் மஞ்சளாகி, மூக்கில் ஏறுகிற வாடை வரும். ஆகவே சுருளை ஓடும் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, அப்புறம்தான் வலைக்குள் அடைக்க வேண்டும். உப்பில்லாத தண்ணீர் சும்மா ஓடுகிற ஊர் எது என்று யோசித்தவனுக்குக் கூக்கால் ஏரிக்கு வருகிற ஓடை ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. பூட்டிக்கிடந்த பழைய ரேஷன் கடைக் கட்டடத்தைக் கேட்டு வாங்கி, நான்கு பெண்களை வேலைக்குச் சேர்த்தான். சண்முகவள்ளி ஒருத்தி. பக்கத்து வீட்டு ராக்காயி இன்னொருத்தி.

இரண்டடிக்கு இரண்டடி நைலான் வலையில் சுருளைப் பரப்பி, மேலே இன்னொரு வலையைப் போட்டு மூடி, கோணி ஊசியால் ஓரம் தைத்து, நடுவில் அங்கங்கே ஒரு தையல் போட வேண்டும். பார்க்க எளிது. சுருளை இறுக்கி அடைத்தால் காற்று நுழையாது; தளர்வாக விட்டால் நனைந்ததும் கீழே சரிந்து மேலே ஓட்டை விழும், அந்த வழியாக அனல்காற்று அப்படியே உள்ளே வரும். சண்முகவள்ளி ஒவ்வொரு பேடையும் தைத்து முடித்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரேபோலப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் சரி. ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் தையலைப் பிரித்து மறுபடி அடைப்பாள். "அக்கா பேட் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று டேனி சொன்ன அன்று, வீட்டுக்குப் போகும்வரை அவளுக்குச் சிரிப்பாகவே இருந்தது. விளைந்த பூண்டைப் பற்றிப் பாராட்டியவர்கள் உண்டு. அதைத் தூக்கி வந்தவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

திருமலைச்சாமி கெட்ட மனுஷன் இல்லை. "இந்தச் சோலி வருஷம் பூரா நெலைச்சா, மூட்டைக்குக் குதிரைக்காரன வச்சுக்கிருவோம். நீ தூக்க வேணாம்" என்று அவரே சொன்னார். நிலைத்தால் என்பதுதான் பேச்சு. இந்தக் கோடைக்குப் போகிற பேட் நல்லபடியாகப் போனால் வருஷம் முழுக்க வேலை தருவதாக டேனியும் சொல்லியிருந்தான். ஆகவே சண்முகவள்ளியின் முட்டிக்கு விடுதலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த வலைக்குள் அடைத்த மரச்சுருளில்தான் இருந்தது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பங்குனி பிறந்த இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பங்குனியில் மழை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? மழை விட்டால் மஞ்சு இறங்கும், மஞ்சு கலைந்தால் மழை. ஒன்பது நாள் வெயில் முகமே காட்டவில்லை. அலசிப்போட்ட சுருள் ஓடைப் பாறையில் சொதசொதவென்று கிடந்தது. ரேஷன் கடைக் கூரை ஒழுகியது. வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பன்னிரண்டு கூலர் ஒத்துக்கொண்டிருக்கிறேன், புதன்கிழமை பஸ்ஸில் பேட் ஏறியாக வேண்டும் என்று டேனி சொல்லிவிட்டிருந்தான்.

சண்முகவள்ளி யோசிக்கவே இல்லை. கூக்காலில் ஈரமான ஒன்றைக் காயவைக்க வேண்டுமென்றால் யோசிக்கவும் தேவையில்லை. அடுப்புக்கு மேலே பரண் இருக்கிறது. மலைப்பூண்டு வெட்டி வந்ததும் தாளோடு கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, கீழே விறகடுப்பு எரித்து, மாதக்கணக்கில் புகை காட்டுவார்கள். அப்படிச் செய்தால்தான் பூண்டு கெடாது, அடுத்த போகத்துக்கு விதையும் நிற்கும். கேஸ் அடுப்பு வந்தும் விறகடுப்பு போகாததற்குக் காரணம் சோறில்லை, பூண்டுதான். அந்தப் பரணில்தான் மழைக்காலத்தில் போர்வை காயும், குல்லா காயும், பள்ளிக்கூடச் சீருடை காயும். சுருளும் காய்ந்தது. மொறுமொறுவென்று அழகாகக் காய்ந்தது. நாலு பேரும் உட்கார்ந்து தைத்து, புதன்கிழமை பஸ்ஸின் கூரையில் முப்பத்தாறு பேடையும் ஏற்றிவிட்டார்கள். அன்று சண்முகவள்ளி நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. பன்னிரண்டு கூலரையும் ஒன்றாகப் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெங்காயம், பூண்டை வீட்டுக்குள்ளேயே ஏற்றாதவர்கள். பேட் நன்றாக நனைந்து காற்று வர ஆரம்பித்ததும், மண்டபம் முழுக்கப் பூண்டும் புகையும் பரவியது. மாப்பிள்ளையின் பெரியப்பா இலையை விட்டு எழுந்தார். சமையல்காரரைக் கூட்டிவந்து நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். மனுஷன் பூண்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். அவரைத் திட்டி முடித்த பிறகுதான் யாரோ ஒருவர் கூலர் முன்னால் போய் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எவன்யா சுக்கா வறுக்கிறான்?" என்று கேட்டாராம். பன்னிரண்டையும் அணைத்தார்கள். மிச்சப் பந்தியெல்லாம் வேர்த்து வடிந்து நடந்தது. டேனி கையெடுத்துக் கும்பிட்டு, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் வேனில் கூக்காலுக்கே வந்துவிட்டான். ரேஷன் கடையில் நாலு பெண்களும் இருந்தார்கள். ஒரு பேடை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து சண்முகவள்ளியிடம் நீட்டினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதைக் கொஞ்சம் ஸ்மெல் பண்ணிப் பாருங்க."

அவள் மூக்கை வைத்து நன்றாக இழுத்தாள். திருப்பி வைத்து இன்னொரு தடவை இழுத்தாள். "ஒண்ணுமில்லையே தம்பி. நனைஞ்ச கட்ட வாடைதான வருது?"

ராக்காயி வாங்கி முகர்ந்தாள். "இந்தப் பேட்ல என்ன கெடக்கு? பிசின்கூடப் போயிருச்சே." மற்ற இரண்டு பேரும் முகர்ந்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

டேனிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர்கள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது. வேன் ஓட்டி வந்த பிரசாந்தைக் கூப்பிட்டான். அவன் வத்தலக்குண்டுப் பையன். வாசற்படியில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்தினான். "அண்ணே, பேட்ல மட்டும் இல்லண்ணே. கட்டடத்துக்குள்ளயே அடிக்குது" என்றான். டேனி அவனை முறைத்து வெளியே அனுப்பினான். ஆனால் சொன்னது சொன்னதுதான். நாலு பெண்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"பரண்ல காய வச்சீங்களா அக்கா?" என்று டேனி மெதுவாகக் கேட்டான். அவனுக்கும் மலைதானே ஊர். விஷயம் புரிந்துவிட்டது.

"ஆமா தம்பி. வேற எங்கிட்டு வைக்க?"

"சரி, போனது போகட்டும். நான் ஓப்பனா சொல்லிடுறேன். தேனிப் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல நாப்பது பேட் கேட்டிருக்காங்க. அதை உங்ககிட்டயே விடுறேன். வாடை இல்லாம வந்துச்சுன்னா வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான். ஒரே ஒரு பேட்ல அடிச்சாலும் நான் கம்பெனி அட்டைக்கே திரும்பப் போயிடுவேன். எனக்கும் வேற வழி இல்லைக்கா."

"எங்க மூக்குக்குத்தான் தெரியலையே. எப்படிக் கண்டுபிடிக்க?"

"வெளியாள் யாரையாவது வச்சு செக் பண்ணுங்க. மூணு வாரம் டைம் இருக்கு."

அவன் போன பிறகு ராக்காயி, "நாத்தம் புடிச்சவளுகன்னு சொல்லாமச் சொல்லிட்டுப் போறான் பாத்தியா" என்று கொதித்தாள். சண்முகவள்ளிக்குக் கொதிக்கவும் முடியவில்லை. முட்டி விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அலச வேண்டும், இன்னொரு தடவை காயவைக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

நல்லவேளையாக வெயில் வந்தது. இந்தத் தடவை ஒரு நார்கூட வீட்டுப் பக்கம் போகவில்லை. பாறையில் காயவைத்து, பாறையிலிருந்தே ரேஷன் கடைக்கு எடுத்துவந்து தைத்தார்கள். சண்முகவள்ளி வெள்ளனே எழுந்து வீட்டில் சோறாக்கி வைத்துவிட்டு, அப்படியே வந்து உட்கார்ந்து தைப்பாள். பத்து நாளில் நாற்பதும் முடிந்தது. அதில் நாலை எடுத்துப் புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, காலை பஸ்ஸில் கொடைக்கானலுக்குக் கிளம்பினாள். அவளுக்குத் தெரிந்த வெளியாள் ஒருத்திதான், மகள் பிரியா.

பிரியா கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தாள். அட்டுவம்பட்டியில் தனியாக ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். அன்று அவளுக்கு ஆஃப். அம்மா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டாள். கல்யாண மண்டபக் கதைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு பேடை எடுத்து, குழாயடியில் நனைத்து, முகர்ந்து பார்த்தாள். மறுபக்கம் திருப்பி முகர்ந்தாள். அடுத்ததை எடுத்தாள். நாலையும் பார்த்து முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னடி, சொல்லு."

"இந்தப் பக்கம் ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கம் இருக்கு."

"ஒரே பேட்ல எப்படி ஒரு பக்கம் இருக்கும், ஒரு பக்கம் இல்லாமப் போகும்?"

"நீ தைக்கும்போது எந்தப் பக்கத்தை மடியில வச்சுக்குவ?"

சண்முகவள்ளி பேடை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். நடுத்தையலின் முடிச்சு மேல்பக்கம் இருக்கும்படி வைத்தாள். மடியில் பட்ட பக்கம்தான் பிரியா காட்டிய பக்கம். 

"அப்ப சுருள்ல இல்ல. எம்மேலதான் இருக்கு."

"ஆமாம்மா."

"எப்ப இருந்து?"

"எப்பவுமேதான். எம்மேலயும் இருந்துச்சு. ஆறாங்கிளாஸ் ஹாஸ்டல்ல விட்டீல்ல, முதல் மாசம் பூரா எம்பக்கத்துக் கட்டில்ல ஒருத்தியும் படுக்கல. லீவுக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போனா மறுபடியும் ரெண்டு வாரத்துக்கு அப்படித்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்னைப் பாக்க வர்றத நீ நிறுத்தியிருப்ப."

அது உண்மைதான். நிச்சயம் நிறுத்தியிருப்பாள். சண்முகவள்ளிக்கு அழுகை வந்தது. தனக்காக இல்லை. பதினோரு வயதில் ஒரு பிள்ளை இதைச் சுமந்துகொண்டு, அம்மா வந்தபோதெல்லாம் ஓடிவந்து கட்டிப்பிடித்திருக்கிறதே என்று வந்தது. அந்த ஹாஸ்டலுக்கு மாதம் தவறாமல் போய்வந்தவள் அவள். போகும்போதெல்லாம் புகை காட்டிய பூண்டு ஒரு கட்டு வார்டனுக்கு என்று வேறு கொண்டுபோவாள்.

சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, வழியில் பூம்பாறைக்கு மேலே மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது, பஸ் போகாது என்று சொன்னார்கள். மரத்தோடு மண்ணும் சரிந்திருந்ததால் நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவள் பிரியாவின் ரூமில் இருந்தாள். முதல் நாள் பிரியா ஹீட்டர் போட்டு, அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, மூன்று தடவை ஷாம்பு போட்டுத் தலையை அலசினாள். முதல் தண்ணீர் கலங்கலாகப் போனது. மூன்றாவது தடவை அலசும்போது சண்முகவள்ளி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மகளின் நைட்டியையும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு அன்று படுத்தவள், மறுநாள் மத்தியானம் வரை எழவில்லை. எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தாள். பிரியா டியூட்டிக்குப் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இருபத்தெட்டு வருஷத் தூக்கம் அங்கே வரிசையில் நின்றிருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் தெளிந்து எழுந்தாள். ஒரு பேடைப் பிரித்து, வலையையும் சுருளையும் குழாயடியில் அலசிக் காயவைத்து, மறுபடி அடைத்துத் தைத்து வைத்தாள். டியூட்டி முடிந்து வந்த பிரியா நனைத்து முகர்ந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்லம்மா."

"நெசமாத்தான் சொல்றியா? எம்மேல எரக்கப்பட்டுச் சொல்லிறாதடி. அங்க கூலர்ல போட்டா தெரிஞ்சிரும்."

"நெசமாத்தாம்மா."

ஆக, மருந்து தெரிந்துவிட்டது. ஆனால் கூக்காலில் ஒவ்வொரு பேடையும் யார் முகர்ந்து பார்ப்பது? பிரியா லீவு போட்டுவிட்டு வந்து உட்கார முடியாது. நாற்பது பேடை இங்கே தூக்கிவந்து திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. அதை நினைத்தபடியே, பிரியா துவைத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நாலாம் நாள் பஸ் ஏறினாள். அதிசயமாக இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பூம்பாறையில் பஸ் நின்றது. நாலைந்து பேர் பூண்டு மூட்டையோடு ஏறினார்கள். ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்முகவள்ளிக்கு எங்கேயோ அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது. பஸ்ஸுக்குள் ஏது அடுப்பு என்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்து, "கூக்காலா?" என்று கேட்டாள். அவள் வாயைத் திறந்ததும், சேலையை இழுத்து மூடியதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பூண்டும் புகையும் வந்தது. சண்முகவள்ளி ஜன்னலைத் திறந்து வெளியே முகத்தை நீட்டிக்கொண்டாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கு திரும்பி வந்திருந்தது.

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. இந்த மூக்கு எத்தனை நேரத்துக்கு நிற்குமோ என்ற பயத்தில், காலை இழுத்துக்கொண்டு வெரசா நேரே ரேஷன் கடைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் அந்தப் பையன் பிரசாந்த் ஏன் மூக்கைப் பொத்தினான் என்று புரிந்தது. அடுக்கிவைத்த பேடை ஒவ்வொன்றாக எடுத்து நனைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் வாடையடித்தது. அவள் தைத்ததெல்லாம் அடித்தது. ராக்காயி தைத்ததும், மற்ற இரண்டு பேர் தைத்ததில் சிலதும் அடித்தது. சேதி கேட்டு ராக்காயி வந்து நின்றாள்.

"ஏன்டி, நாலு நாள் டவுன்ல இருந்துட்டு வந்து எங்க மேலேயெல்லாம் நாத்தம்ங்கிற?"

"ஒம்மேல மட்டுமில்ல, எம்மேலயும்தான். இந்தா, நான் தைச்சது அம்புட்டையும் ஒதுக்கிட்டேன் பாரு. நாளையில இருந்து வீட்டுச் சேலையோட யாரும் உள்ள வர வேணாம். ஓடைக்குப் போயி குளிச்சிட்டு, இங்க வச்சிருக்கிற சேலையக் கட்டிக்கிட்டுத்தான் ஊசியத் தொடணும். நான்தான் மோந்து பாத்து அனுப்புவேன்."

"பாக்கத்தான போறேன். ரெண்டு நாள் அடுப்படியில நின்னா நீயும் எங்கள மாதிரிதான்" என்றாள் ராக்காயி. கோபத்தில் சொன்னாளோ என்னவோ, சொன்னது சரிதான். சண்முகவள்ளி வாடையடித்த பேடையெல்லாம் பிரித்துச் சுருளை மறுபடி ஓடையில் போடச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டு வாசலில் திருமலைச்சாமி நின்றார். "வந்துட்டியா? ஒரு மரத்த வெட்ட இம்புட்டு நாளா அவிங்களுக்கு?" என்றபடி பையை வாங்க வந்தார். கிட்டே வந்ததும் அவள் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. அவள் திருப்பவில்லை, கழுத்து திரும்பிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். பையைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவருடைய போர்வையில், மீசையில், அவள் பழகிய அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையிலும் அந்த வாடை இருந்தது. இத்தனை வருஷம் இதற்குள்தான் படுத்து எழுந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் மேல் பரிதாபமாகவும் இருந்தது.

"என்னாச்சு?" என்று கேட்டார்.

அவள் வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மடியில் வைத்த பக்கத்தைச் சொன்னாள். பிரியா ஹாஸ்டலில் பட்டதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் பூமியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பேட் வேலை நிலைக்க வேண்டுமென்றால் இந்த மூக்கு நிலைக்க வேண்டும், மூக்கு நிலைக்க வேண்டுமென்றால் தான் இனி அடுப்படிக்குள் போகக் கூடாது, படுக்கையையும் ரேஷன் கடைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள்.

"அடுப்ப அணைச்சா வெதப்பூண்டு போயிருமே."

"அணைக்கச் சொல்லலங்க. அது எரியட்டும். நான் அதுக்கு முன்னால நிக்க மாட்டேன்."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "அப்ப சோறு யாரு ஆக்குறது?" என்று கேட்டார்.

முட்டியையும் மூக்கையும் மகளையும் பற்றி அவ்வளவு நேரம் கேட்ட பிறகு அவருக்கு வந்த கேள்வி அது. சண்முகவள்ளிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"நீங்கதான்."

"எனக்கு ஒல வைக்கக்கூடத் தெரியாதே, வள்ளி."

"இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கும் மூட்ட தூக்கத் தெரியாது."

திருமலைச்சாமி எழுந்து உள்ளே போனார். விறகைத் தள்ளிவிடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்று உள்ளிருந்தே கேட்டார்.